நீல ஊசித்தட்டான்கள்

கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கின் உயர்ந்த கட்டடங்களுக்கு அருகே தெற்றியாறு ஓடுகிறது. இத்தகைய சிற்றாறுகளின் கரையிலும் குளக்கரையிலும், வெயில் ஏறிய பின் புல் நுனிகளை உற்று நோக்கினால், தீக்குச்சியினும் மெலிந்த நீலப் பூச்சிகள் அமர்ந்திருப்பதைக் காணலாம். அவை ஊசித்தட்டான்கள்.

தட்டானும் ஊசித்தட்டானும் உறவினவே. ஆயினும் தட்டான் அமரும்போது சிறகுகளை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான்களுள் பெரும்பாலானவை முதுகின்மேல் சேர்த்து மடக்கிக்கொள்ளும். தட்டானின் பெருங்கண்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடும். ஊசித்தட்டானின் கண்களோ தலையின் இரு புறமும் விலகி நிற்கும்.

மலையாளத்தில் தட்டானுக்குத் தும்பி என்றும், ஊசித்தட்டானுக்குச் சூசித்தும்பி என்றும் பெயர். சூசி என்பது ஊசியே. பழந்தமிழில் தும்பி என்பது வண்டைக் குறித்தது. குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் தலைவன் வினவுவது தேன் தேடும் தும்பியிடம், தட்டானிடம் அன்று. இக்காலத் தமிழர் சிலர் தட்டானையும் தும்பி என்பர். ஆகவே கழக்கூட்டத்தில் வாழும் தமிழ்ச் சிறுவன் ஒருவன் பள்ளியில் 'தும்பி' என்று கேட்டால் ஒன்றையும், பாட்டி படித்துக் காட்டும் பழம்பாடலில் கேட்டால் வேறொன்றையும் எண்ண வேண்டியவனாகிறான்.

நீல ஊசித்தட்டான்கள் பலவும் 'சூடாக்ரியான்' என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. 1876இல் பெல்ஜிய அறிஞர் செலி லோன்ஷாம் இப்பெயரை இட்டார். ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை இதில் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. கேரளத்தார் இவற்றைப் பூத்தாலி என்று அழைக்கின்றனர்.

தொலைவிலிருந்து காண்போர்க்கு எல்லாம் ஒரே நீலம். அருகில் சென்றால்தான் வேறுபாடு புலப்படும். நாட்டுப் பூத்தாலியின் ஆண், வான்நீல உடலில் கரும்பட்டைகள் கொண்டது. வாலின் எட்டாம், ஒன்பதாம் கண்டங்கள் நீலமாக ஒளிரும். செம்முகப் பூத்தாலிக்கு முகம் மட்டும் செம்மஞ்சள். குங்குமம் அப்பியது போலிருக்கும். மஞ்சள்வரையன் பூத்தாலி மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிக்கே உரியது. அதன் மார்பில் மஞ்சள் கோடுகள் ஓடும். 'டெக்கோரம்' என்னும் இன்னொன்று வெளிர்நீலமானது. மார்பின் மேற்புறத்தில் மூன்று மெல்லிய கருங்கோடுகளை உடையது. பெண் பூச்சிகள் பொதுவாக இவ்வளவு நீலமாக இருப்பதில்லை. எனவே அவற்றை இனங்காண்பது கடினம். காட்டுப் பூத்தாலியின் ஆணோ நாட்டுப் பூத்தாலியை அப்படியே ஒத்தது. அவ்விரண்டையும் பிரித்தறிய, வால்நுனியில் உள்ள சிறு கொடுக்குகளை உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். 1924இல் காட்டுப் பூத்தாலியைத் தனிச் சிற்றினமாக விளக்கியவர் பிரேசர் என்னும் படை மருத்துவர். இந்தியத் தட்டான்களைப் பற்றி 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டவரும் அவரே.

ஊசித்தட்டானின் இளமைப் பருவம் நீருக்குள் கழிகிறது. பெண், நீர்ச்செடியின் தண்டைக் கீறி அதனுள் முட்டையிடும். அப்போது ஆண் அதன் கழுத்தைப் பற்றியபடி காவல் நிற்கும். சில சிற்றினங்களில் பெண் நீருக்குள்ளேயே இறங்கி முட்டையிடுவதும் உண்டு. முட்டையிலிருந்து வரும் இளவுயிரி, இலை போன்ற மூன்று செவுள்களை வால்முனையில் உடையது. கொசுப்புழு முதலியவற்றை உண்டு வளர்ந்து, ஒருநாள் தண்டின்மீது ஏறித் தோலை உரித்துச் சிறகுடன் வெளிவரும். நீரில் நஞ்சு கலந்தாலும், கரைப்புல்லை அகற்றிக் கற்சுவர் எழுப்பினாலும், முட்டையிடத் தண்டும் இல்லை. மேலேறி வரப் பிடிப்பும் இல்லை. குளத்தில் நீர் நிறைந்திருந்தும் ஊசித்தட்டான் இல்லாமற் போவது இவ்வாறுதான்.

சொற்பொருள்: கண்டம் – உடலின் ஒரு துண்டுப் பகுதி, செவுள் – நீரில் மூச்சுவிடும் உறுப்பு, வினவுதல் – கேட்டல்.

பயிற்சி

1. தும்பி என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் எவ்வாறு வேறுபடுகிறது?

2. நாட்டுப் பூத்தாலியையும் காட்டுப் பூத்தாலியையும் பிரித்தறிவது எப்படி?

3. டெக்கோரம் என்னும் ஊசித்தட்டானுக்குத் தமிழில் ஒரு பெயர் இடுக. அப்பெயரைத் தேர்ந்தமைக்குக் காரணம் எழுதுக.