ஹீட்டர் நின்றுபோனால்...



நம் திருவதிகையில் மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வை போதும். கெடிலத்துக் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் விடியற்காலையில் வாசலில் நாலு சருகைக் கொளுத்திக் குளிர்காய்வோம். அப்படியிருக்க அறை ஹீட்டரைப் பற்றி எதற்குக் கட்டுரை என்று கேட்பீர்கள். என் அப்பா கட்டட வேலைக்காக ஊட்டியில் இருக்கிறார். அது 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் சில இரவுகள் பூஜ்யம் டிகிரியை ஒட்டி இறங்கிப் புல்மேல் உறைபனி படியும். போன மார்கழியில் ஓர் இரவு, அவர்கள் தங்கியிருந்த அறையில் ஹீட்டர் நின்றுவிட்டது. "நீதான கரண்டு படிக்கிற, என்ன பண்றதுன்னு சொல்லு" என்று போன் வந்தது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருத்தன்தான். வேறு யாரைக் கேட்பார்?

ஹீட்டர் நின்றே விட்டதா, சூடுதான் குறைந்ததா என்பதை முதலில் பார்க்கணும். எல்லா வீட்டிலும் ஹீட்டர் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குவது உண்டு. 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் காயில், 180 வோல்ட்டில் சுமார் 612 வாட்தான் தரும். வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? அந்த நிலையில் ஹீட்டரைப் பிரித்துப் பயனில்லை.

அப்பா பார்த்ததில் காயில் அறுந்திருந்தது. அறுந்த நைக்ரோம் கம்பியை இழுத்து முறுக்கி ஒட்டுவது நம்மவர்கள் கைவேலை. 1000 வாட் காயிலின் தடை 52.9 ஓம். கருகிய கால் பாகத்தை வெட்டிவிட்டு முறுக்கினால் 39.7 ஓம் ஆகிவிடும். 4.35 ஆம்பியர் எடுத்தது இனி 5.8 எடுக்கும். 5 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. முறுக்கிய இடமும் தனியாகப் பழுத்து மறுபடி அறுந்துபோகும். அதனால் பிளக்கைப் பிடுங்கி வைக்கச் சொன்னேன். புதுக் காயிலைக் காலையில் கடை திறந்ததும் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் அதற்குள் கூட இருந்தவர்கள் இரும்புச் சட்டியில் கரியைக் கொளுத்தி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். "தலை வலிக்குது, குளிருதான் போல" என்றார் அப்பா. எனக்கு வயிற்றைக் கலக்கியது. எல்லாரும் உடனே வெளியே வாங்க, சட்டியையும் வெளியே எடுத்து வைங்க என்று போனிலேயே கத்தினேன்.

கரி முழுதாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு. காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு. முதலாவதில் ஒரு மோலுக்கு 393 கிலோஜூல் வெப்பம், இரண்டாவதில் 110தான். வெப்பமும் நஷ்டம், கூடவே நஞ்சு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். புகையே வராமல் தகதகவென்று இருக்கும் கரியை நல்ல கரி என்று நம்புகிறோமே, அதிலிருந்தும் இது வரும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், கறி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவே இல்லை. படித்த நாடு, பணக்கார நாடு என்றாலும் இதே கதைதான். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பனியால் 45 லட்சம் வீடுகளுக்கு மேல் கரண்டு போனது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 246 பேர். பெரும்பாலோர் குளிரால் இறந்தவர்கள். வீட்டுக்குள் ஜெனரேட்டரும் கரியும் வைத்து இந்த வாயுவுக்குப் பலியானவர்களும் அதில் உண்டு.

அப்பாவுக்குத் தலைவலி விடியும்போதுதான் விட்டது. ரத்தத்தில் ஏறிய அந்த வாயு, நல்ல காற்றில் இருந்தாலும் பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும்.

சரி, நெருப்பில்லாமல் ராத்திரியை எப்படி ஓட்டுவது? சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளே சுமார் 100 வாட் ஹீட்டர்தான். நாலு பேர் ஒரே அறையில் படுத்தால் 400 வாட். அதை வெளியே விடாமல் பிடிப்பதுதான் வேலை. மேலே இரண்டு கம்பளி போர்த்தி, கீழே வெறும் பாயில் படுப்பவர்கள் அதிகம். சிமெண்ட் தரை கடத்தல் முறையில் முதுகுச் சூட்டை உறிஞ்சிவிடும். முதலில் கீழே அட்டைப்பெட்டி, பேப்பர், சாக்கு. ஈரத்துணியை மாற்றணும். ஒரு தடித்த சட்டையைவிட இரண்டு மூன்று மெல்லிய சட்டை மேல், இடையில் காற்று தங்கும். காதையும் காலையும் மூடணும். வெளியே அடுப்பு வைத்துச் சுடுதண்ணீர் போட்டு, பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றிப் போர்வைக்குள் வைக்கலாம்.

"ஒரு கட்டிங் போட்டா குளிர் போயிடும்" என்பார்கள். சாராயம் தோலுக்கு ரத்தத்தைத் தள்ளுவதால் அப்படித் தோன்றும். உள்சூடு வேகமாக இறங்கும். நடுங்கிக்கொண்டிருந்தவர் குளிர் விடாமலே நடுக்கம் நின்று, பேச்சு குழறினால் தூங்க விடாமல் 108க்குப் போன் போடணும்.