முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள்?

போன மாதம் ஓர் இளம் தம்பதி வீட்டுக்கு வந்திருந்தார்கள். கோவையில் அடுக்குமாடி கட்டி விற்கிற கம்பெனி தொடங்குகிறார்களாம். ஆளுக்கொரு விசிட்டிங் கார்டு நீட்டினார்கள். இரண்டிலும் ‘மேனேஜிங் டைரக்டர்’.

“அது இருக்கட்டும் கண்ணு, இதுக்கு முன்னால என்ன வேலை பார்த்தீங்க?” என்று கேட்டேன். அவன் சாஃப்ட்வேர். அவள் சிவில் படித்துவிட்டு ஐந்து வருடம் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் டிராயிங் போட்டவள். கார்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்றைக்கு அவர்களிடம் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

1. இருவரும் பார்த்த பழைய வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் முதல் மூலதனம் அதுதான். என் வீட்டுக்காரர் பாலிடெக்னிக் டிப்ளமா. ஒரு கான்ட்ராக்டரிடம் 18 வருடம் சைட் இன்ஜினியராக இருந்தார். நான் அரசு வங்கியில் இருந்தேன், கடைசி எட்டு வருடம் வீட்டுக் கடன் பிரிவில். வங்கி வேலையில் இருந்துகொண்டு தொழில் செய்ய விதி இடம் தராது. 2001இல் விருப்ப ஓய்வில் வெளியே வந்த பிறகுதான் கம்பெனியைப் பதிவு செய்தோம். எழுதிய தாளின் மறுபக்கத்தில் இருவருக்கும் தெரியாததை எழுதுங்கள். நாங்கள் அந்தப் பக்கத்தை எழுதவில்லை.

2. எழுதாததற்கு நாங்கள் கொடுத்த விலையைச் சொல்கிறேன். சரவணம்பட்டிக்கு அப்பால் 62 சென்ட் நிலம் வந்தது. தாய்ப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து எல்லாம் நான் பார்த்தேன். குழி வெட்டி மண்ணை அவர் பார்த்தார். இருவருக்கும் திருப்தி, மூன்று லட்சம் முன்பணம் கொடுத்தோம். பட்டா மட்டும் உட்பிரிவு ஆகாத கூட்டுப் பட்டா. அது பிறகு ஆகிவிடும் என்றார்கள்.

முன்பணம் கொடுத்த பிறகுதான் நிலத்தை அளந்தோம். ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சங்கிலி பிடித்தார். மேற்கே வேலிக்காத்தான் மண்டிக் கிடந்த இடத்துக்குப் போனதும் நின்றுவிட்டார். “அம்மா, இது பள்ளமுங்க” என்றார். எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். வேலிக்குள் கிடந்த எட்டு சென்ட் ஓடைப் புறம்போக்கு. ரோட்டுக்குப் போகிற வழியும் அதன் மேல்தான். வழியில்லாத நிலத்தில் எந்தத் திட்டத்துக்கு அனுமதி கிடைக்கும்? முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது, அதுவும் ஒன்றரை வருடம் கழித்து. பத்திரம் என் வேலை, மண் அவர் வேலை என்று பிரித்துக்கொண்டோம். எல்லைக்கல் இருவர் வேலையிலும் சேரவில்லை.

3. அவரவர் தொழிலில் அவரவர் “வேண்டாம்” என்றால் மற்றவர் அதற்கு மேல் பேசக்கூடாது. இரண்டாவது திட்டத்தில் முதல் தளத் தூண்களுக்கு ஊற்றிய கான்கிரீட்டின் கியூப் சோதனை 28ஆம் நாளில் வந்தது. இரண்டு தூண்களுக்குரிய பலம் குறைவு. தளம் போட்டால்தான் வாங்கியவர்களின் வங்கி அடுத்த தவணையை விடும். வட்டி ஓடுகிறதே என்று நான் புலம்பினேன். அவர் பதில் சொல்லாமல் சுத்தியலால் நல்ல தூண் ஒன்றைத் தட்டினார், ‘டங்’ என்றது. அந்த இரண்டில் ஒன்றைத் தட்டினார், ‘டொக்’ என்றது. மறுநாள் இரண்டையும் இடித்து மறுபடி வார்த்தோம். பதினொரு நாள் போயிற்று. ஒரு வருடம் கழித்து அவர் முறை வந்தது: ஒரு திட்டத்தில் வாங்கியவர்கள் கட்டிய பணத்தில் அடுத்த நிலத்துக்கு முன்பணம் கொடுக்கலாம் என்றார். நான் செக்கில் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை, சாப்பாடு மட்டும் இருந்தது. இன்றைக்கு அதைச் சட்டமே பார்த்துக்கொள்கிறது. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி வாங்குபவர்களிடம் வசூலாவதில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் இருக்க வேண்டும். இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் வேலை எவ்வளவு முடிந்தது என்று சான்று தந்தால் அந்த அளவுக்குத்தான் எடுக்கலாம். கணவர் இன்ஜினியராகவே இருந்தாலும் சான்றை வெளியாளிடம் வாங்குங்கள் என்பது என் கட்சி.

4. சம்பளம் எடுக்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். ஒருவருக்குக் கம்பெனியில் 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்து, துணைக்குச் சம்பளம் போட்டால், அது பங்குக்காரரின் வருமானத்தோடு சேரும். 1961 வருமான வரிச் சட்டம் 64ஆம் பிரிவில் சொன்னது இது. துணைக்குத் தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதி இருந்து, அந்த அறிவுக்காகவே சம்பளம் என்றால் விலக்கு. பழைய சான்றிதழ்களைப் பரணில் போடாதீர்கள்.

5. பிரசுரத்தில் இல்லாத பெருமை வேண்டாம். கவுன்சிலில் பதிவு பெறாதவர் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்வதை 1972 சட்டம் தடுக்கிறது. விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டியவர் அதை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். முதல் திட்டமா? ‘முதல் திட்டம்’ என்றே போடுங்கள். எங்கள் முதல் பிரசுரத்தில் அவருடைய 18 வருடமும் என் 21 வருடமும்தான் இருந்தன. அதைப் பார்த்து வந்தவர்கள் கூடுதலாகவே கேள்வி கேட்டார்கள். அது நல்லதுதான்.

6. பார்ட்னர்ஷிப் என்றால் கடன் இருவர் சொத்தையும் தேடி வரும். பிரைவேட் லிமிடெட் என்றாலும் வங்கி இருவரிடமும் சொந்த ஜாமீன் கேட்கும். பல வருடம் கேட்டவள் நான். குடியிருக்கிற வீட்டை அடமானத்துக்குக் கொடுக்காதீர்கள்.

7. இது அம்மணிக்கு. சைட்டில் மேஸ்திரி, “சார்கிட்ட பேசிக்கிறேங்க்கா” என்பார். அவர் கெட்டவரில்லை; பழக்கம். எனக்கும் முதல் வருடம் சில்லறைக் கணக்கும் டீச் செலவும்தான் கொடுத்தார்கள். சனிக்கிழமைக் கூலியை என் கையால் கொடுக்க ஆரம்பித்த பிறகு, மேஸ்திரி என் மேசைக்கு வந்து நின்றார். உனக்கு அது கூட வேண்டாம், டிராயிங் உன்னுடையது. கம்பி கட்டி முடித்ததும் நீ பார்த்துக் கையெழுத்துப் போடாமல் கான்கிரீட் ஊற்றக்கூடாது என்று முதல் நாளே உன் கணவன் வாயால் மேஸ்திரியிடம் சொல்லச் சொல். பிறகு அவன் அந்தப் பேச்சில் நுழைய வேண்டாம்.

கார்டு ஆயிரம் அடித்துவிட்டார்களாம். பரவாயில்லை, பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஒன்றில் சர்வேயர் நம்பரை எழுதிக் கொடுத்தனுப்பினேன்.