பனம்பழத்தின் சுவை



சென்ற தவணையில் ஒருநாள், "காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது போல" என்னும் பழமொழியை வகுப்பிற் கற்பித்துக்கொண்டிருந்தோம். தொடர்பில்லாத இரு நிகழ்ச்சிகள் தற்செயலாக ஒருங்கே நேர்வதை அது குறிக்கும் என விளக்கி முடித்ததும், சிறுமி ஒருத்தி எழுந்து, "சேர், பனம்பழம் மாம்பழம் போல இனிக்குமா?" என்று வினவினாள். யாழ்ப்பாணத்தில் நாம் ஆசிரியராயிருந்த காலத்தில் எந்த மாணவனும் கேட்டிராத கேள்வி அது. உடனே விடைகூற இயலாது தடுமாறினோம். அவ்விடையே இக்கட்டுரை.

பனையில் ஆண், பெண் என இருவகை உண்டு. பெண்பனையே காய்க்கும். வடலி வளர்ந்து காய்க்கப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். இளங்காயின் உள்ளே இருப்பது நுங்கு. அது முற்றினாற் சீக்காய். நன்கு பழுத்தபின் தானே நிலத்தில் விழுவது பனம்பழம். கரிய தோலை உரித்தால், தும்புகளிடையே செம்மஞ்சள் நிறக் களியும் பெரும்பாலும் மூன்று கொட்டைகளும் காணப்படும்.

பழத்தை நெருப்பிற் சுட்டுத் தோலுரித்துச் சூப்பவேண்டும். நாவில் முதலில் இனிப்புத் தோன்றும். அடுத்து மெல்லிய கைப்பு வரும். இறுதியில் தொண்டையில் ஓர் உறுத்தல் எஞ்சும். அவ்வுறுத்தலையே காறல் என்கிறோம். இச்சுவை மரத்துக்கு மரம் வேறுபடும். எந்தப் பனையின் பழம் இனிக்கும், எது காறும் என்பதை ஊரிற் சிறுவர்களும் அறிந்திருந்தனர்.

கைப்புக்குக் காரணம் பிளபெலிபெரின் எனப்படும் பொருள்களாகும். இவை நீரில் நுரைக்கும் சப்போனின் இனத்தைச் சேர்ந்தவை. சவர்க்காரம் அரிதாயிருந்த காலத்தில் நம் முன்னோர் பனம்பழக் களியால் துணி வெளுத்தனர். கொடியிற் காயும் அத்துணியை, மணத்தை நாடி வந்து மாடுகள் சப்பிவிடுமாம்!

இக்காறலை நம் தாய்மார் சமையலால் வென்றனர். களியைக் காய்ச்சி, சீனியும் மாவும் சேர்த்து, எண்ணெயிற் பொரித்தாற் பனங்காய்ப் பணியாரம். களியைப் பாயில் ஊற்றி, வெயிலிற் படைபடையாக உலர்த்தினாற் பனாட்டு. அதனைப் பனம்பாணியில் ஊறவைத்தாற் பாணிப்பனாட்டு. எஞ்சிய கொட்டையும் வீணாகாது. அதனை மண்ணிற் புதைத்தாற் கிழங்கு கிடைக்கும். கிழங்கைப் பச்சையாகக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டாற் புழுக்கொடியல்.

2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின்போது எண்ணற்ற பனைகள் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டன. தறித்த மரத்துக்கு ஈடாக இன்னொன்றை நாட்டலாம். ஆனால், ஒரு சுவையை அறிந்தவர் அதனை அடுத்த தலைமுறைக்கு உணர்த்தாது விட்டால், அச்சுவையைக் குறிக்கும் சொல்லும் அவரோடு மறைந்துவிடும். நம் பிள்ளைகள் இனிப்பையும் உறைப்பையும் அறிவர். கைப்பு, துவர்ப்பு, காறல் என்பன அவர்களுக்கு வெறும் பாடச்சொற்களே. அது அவர்கள் குற்றமன்று.

பெற்றோரே! தமிழ்க் கடையிற் பனாட்டுக் கண்டால் ஒரு துண்டு வாங்கிக் கொடுங்கள். பிள்ளை முகஞ்சுளித்தால் வற்புறுத்தவும் வேண்டா, வருந்தவும் வேண்டா. என்ன உணர்ந்தாய் என்று தமிழிற் கேளுங்கள்.

நாமும் அடுத்த வாரம் பனாட்டுத் துண்டுகளை வகுப்புக்குக் கொண்டுசென்றோம். அச்சிறுமி மென்று பார்த்து, "இனிப்புத்தான் சேர். ஆனால் தொண்டையில் ஏதோ செய்கிறது" என்றாள்.

"அதுதான் பிள்ளாய், காறல்" என்றோம். கொப்பியைத் திறந்து அச்சொல்லை எழுதிக்கொண்டாள். இம்முறை எழுத்துப்பிழை இருக்கவில்லை.

பயிற்சி:
1. நுங்கு, சீக்காய், பனம்பழம் ஆகியவற்றின் வேறுபாட்டை எழுதுக.
2. பனம்பழத்தை உண்ட அனுபவத்தை உமது பாட்டா அல்லது பாட்டியிடம் கேட்டு ஐந்து வசனங்களில் எழுதுக.