ஜும்ஆ உரை: தன் பங்கில் போட்ட துளை

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஐப்பசி பிறக்கப் போகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மழை கேட்டு துஆச் செய்யாத ஜும்ஆ கிடையாது. வானம் பார்த்த கரிசல் பூமி நம்முடையது. வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் கண்மாய் நிறையும். பொய்த்தால் ஊருணிகூட வறண்டு போகும். இன்றும் மழைக்காக துஆச் செய்வோம். அந்த மழை வருவதற்கு முன் நாம் செய்து முடிக்க வேண்டிய ஒரு கடமையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நம் காடுகளில் எத்தனை போர் போட்டிருக்கிறோம்? தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறோம். திருச்செங்கோட்டிலிருந்து போர் வண்டி வருகிறது. நகையை அடகு வைத்து அறுநூறு அடி, எண்ணூறு அடி இறக்குகிறோம். சில இடத்தில் நல்ல தண்ணீர், சில இடத்தில் உப்புத் தண்ணீர், பல இடத்தில் வெறும் புகை. புகை வந்த இடத்தில் கேசிங் பைப்பையாவது காப்பாற்றுவோம் என்று உருவி எடுத்து விடுகிறோம். பைப் போன பிறகு தரையில் ஒரு வாய் திறந்து கிடக்கிறது. அதன் மேல் ஒரு சாக்கு, சாக்கின் மேல் ஒரு கல். அத்தோடு அதை மறந்து விடுகிறோம்.

அந்த வெள்ளிக்கிழமை

2019 அக்டோபர் 25. அன்றும் வெள்ளிக்கிழமைதான். நாம் ஜும்ஆ தொழுது வீடு திரும்பியிருந்தோம். அன்று மாலை திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வீட்டருகே விளையாடிக் கொண்டிருந்தபோது, பயன்படாமல் கிடந்த ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. முதலில் முப்பது அடிக்குள் சிக்கியிருந்த குழந்தை பிறகு எண்பது அடிக்கும் கீழே நழுவியது. பக்கத்தில் இன்னொரு குழி தோண்டிப் போக முயன்றார்கள். கடும்பாறை குறுக்கே நின்றது. தீபாவளி வந்து போனது. கோயிலிலும் சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் அந்த ஒரு குழந்தைக்காக மக்கள் கையேந்தினார்கள். 29ஆம் தேதி அதிகாலையில் உயிரற்ற உடலைத்தான் எடுக்க முடிந்தது.

அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல இதை நான் சொல்லவில்லை. அவர்கள் பட்ட வேதனையை எந்த எதிரிக்கும் அல்லாஹ் கொடுக்கக் கூடாது. அவர்கள் இடத்தில் நம்மில் யார் வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். அதுதான் நாம் பயப்பட வேண்டிய விஷயம்.

2014 ஏப்ரலில் நமக்குத் தெற்கே சங்கரன்கோவில் பக்கம் இப்படி விழுந்த மூன்று வயதுக் குழந்தையை, மதுரைக்காரர் ஒருவர் தாமே உருவாக்கிய கருவியைக் கொண்டு உயிருடன் மீட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு மூடி போட்டிருந்தால் அந்தக் குழந்தைக்குக் கருவியும் தேவைப்பட்டிருக்காது, மணப்பாறைக் குழந்தைக்குப் பாறையை உடைக்கும் இயந்திரமும் தேவைப்பட்டிருக்காது.

"என் நிலம், என் காசு"

இதை எடுத்துச் சொன்னால் ஒரு பதில் வரும்: "என் நிலம், என் காசு, என் போர். கேட்க நீ யார்?"

சகோதரர்களே! சொந்த நிலத்தின் மீது மனிதனுக்குள்ள உரிமையை நம் மார்க்கம் மிகவும் மதிக்கிறது. அனுமதியின்றி அடுத்தவர் இடத்தில் நுழையவும் முடியாது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுக்கவும் முடியாது. ஆனால் அந்த உரிமை எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை நபி (ஸல்) அவர்கள் ஓர் உவமையால் காட்டித் தந்தார்கள்.

ஒரு கப்பல். சீட்டுக் குலுக்கி இடம் பிரித்ததில் சிலருக்கு மேல்தளம், சிலருக்குக் கீழ்தளம். கீழே இருப்பவர்கள் தண்ணீர் எடுக்க மேலே ஏறி வர வேண்டியிருந்தது. மேலே இருப்பவர்களுக்கு அது தொந்தரவாகப் பட்டது. அப்போது கீழே உள்ளவர்கள் சொன்னார்கள்: நம் பங்கில் நாமே ஒரு துளை போட்டுக் கொண்டால் மேலே இருப்பவர்களுக்குத் தொல்லை இராதே! மேலே உள்ளவர்கள் அவர்களைத் தடுக்காமல் விட்டால் எல்லோரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்பிப்பார்கள் என்பது அந்த ஹதீஸின் கருத்து. (புகாரி 2493, 2686)

யோசித்துப் பாருங்கள். துளை போடுவதும் தண்ணீருக்காகத்தான். போடுகிற இடமும் சொந்தப் பங்குதான். எண்ணமும் கெட்ட எண்ணமில்லை, அடுத்தவருக்குத் தொல்லை தரக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அப்படியும் கப்பல் மூழ்கிவிடும். காரணம், துளை அவன் பங்கில் இருக்கிறது. தண்ணீர் அவன் பங்கோடு நிற்பதில்லை.

இந்த ஹதீஸில் மேல்தளத்தாருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. கீழே இருந்தவர்கள் ஏன் துளை போட நினைத்தார்கள்? தண்ணீர் கேட்டு வந்தபோது மேலே இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். நம் ஊரிலும் அப்படித்தான். கண்மாய் தூர்ந்து, வரத்துக்கால் அடைபட்டு, சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும்போது சிறு விவசாயி பூமியைத் துளைக்காமல் என்ன செய்வான்? கடன் வாங்கிப் போட்ட போரில் புகை வந்தவனிடம் போய், "மூடாமல் விட்டாயே" என்று அதட்டுவது மட்டும் கையைப் பிடிப்பதாகாது. மூடுவதற்கு ஒரு மூடை சிமெண்டோடு போவதுதான் கையைப் பிடிப்பது.

ஃபிக்ஹ் என்ன சொல்கிறது?

அரபி படித்தவர்கள் சிலருக்கு ஒரு சந்தேகம் வரலாம். கிணற்றில் விழுந்து ஏற்படும் சேதத்துக்கு நஷ்டஈடு இல்லை என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கிறதே! (புகாரி 1499)

இருக்கிறது. அதற்கு நம் இமாம்கள் தந்த விளக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தன் சொந்த இடத்தில் முறையாகத் தோண்டிய கிணற்றுக்குத்தான் அந்தச் சலுகை. மக்கள் நடக்கும் பாதையில் அனுமதியின்றித் தோண்டினால் விழுந்தவரின் உயிருக்குத் தோண்டியவர் தரப்பு ஈடு கொடுக்க வேண்டும். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இன்னும் நுட்பமான ஒரு சட்டம் வருகிறது: ஒருவர் தன் வீட்டு நடையிலேயே குழி தோண்டி வைத்துக்கொண்டு, இன்னொருவரை உள்ளே அழைத்து, அவர் தெரியாமல் விழுந்தால், அழைத்தவரே பொறுப்பாளி என்பதே வலுவான கருத்து. சொந்த வீடு என்பது அங்கே காப்பாற்றவில்லை.

நம் காடுகளை நினைத்துப் பாருங்கள். வேலி கிடையாது. ஆடு மேய்ப்பவர் குறுக்கே போகிறார். களையெடுக்க வரும் பெண்கள் பிள்ளைகளை வரப்பில் விட்டுவிட்டு வேலை செய்கிறார்கள். பட்டாவில் அது உங்கள் நிலம். நடைமுறையில் ஊரே நடக்கிற பாதை.

அம்பு எடுத்துக் கொண்டு பள்ளிவாசலில் நடப்பவர் அதன் முனையைப் பிடித்துக் கொள்ளட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அம்பு வைத்திருக்க அவருக்கு உரிமை உண்டு. முனையை மூடுவது அவர் கடமை. போருக்கும் அதே சட்டம்தான். மூடுவது தனி வேலையல்ல, தோண்டுகிற வேலையின் கடைசிப் பகுதி.

இது உயிரோடு மட்டும் நிற்பதில்லை, ஆரோக்கியத்தையும் தொடுகிறது. திறந்து கிடக்கும் போரில் முதல் மழையின் சாக்கடையும் சாணமும் நேரே நிலத்தடி நீருக்குள் இறங்கும். அந்த நீரைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் குடிக்கிறார். நீர்நிலையிலும் பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தைத் தேடித் தரும் செயல் என்று எச்சரித்த மார்க்கம் நம்முடையது. (அபூதாவூத் 26)

"எல்லாம் கத்ரு, விதிப்படி நடக்கும்" என்று சொல்பவரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர்கள் நம் நபி. தடுப்புச் சுவரில்லாத மொட்டை மாடியில் உறங்குபவருக்கான பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்றும் எச்சரித்தார்கள். (அபூதாவூத் 5041) விதியை நம்புவது ஈமான். குழியைத் திறந்து வைத்துவிட்டு விதியின் மேல் பழி போடுவது ஈமான் அல்ல.

சாய்ந்த சுவரும் நானும்

ஹிதாயாவில் சாய்ந்த சுவர் பற்றி ஒரு பாடம் வரும். ஒருவருடைய சுவர் பொதுப் பாதையின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. யாரும் எதுவும் சொல்லாத நிலையில் விழுந்தால் அவர் மீது ஈடு இல்லை. ஆனால், "உன் சுவர் சாய்ந்திருக்கிறது, இடித்து விடு" என்று ஒருவர் சொல்லி, இடிக்க அவகாசம் இருந்தும் இடிக்காமல் விட்டு, அது விழுந்து ஒருவர் இறந்தால் சுவரின் சொந்தக்காரர் பொறுப்பு. சொல்பவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்றுகூட நிபந்தனையில்லை.

ஓதுகிற காலத்தில் பரீட்சைக்காக இதை மனப்பாடம் செய்தேன். புரிந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளிவாசலின் பின்புறம் வற்றிப்போன போர் ஒன்று இருந்தது. சாக்கு, அதன் மேல் கல். பக்கத்து வீட்டில் ஆடு வளர்க்கும் ஓர் அம்மா, நம் சமயத்தவர் அல்ல, ஒருநாள் என்னிடம் வந்து, "பாய், அந்தக் குழியை மூடச் சொல்லுங்க, ஆட்டுக்குட்டி விழுந்துரும்" என்றார். "சரிக்கா, சொல்றேன்" என்றேன். மறந்து போனேன்.

2019இல் அந்த வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பின் மணப்பாறைச் செய்தி செல்போனில் வந்தது. டார்ச்சை எடுத்துக் கொண்டு பின்பக்கம் ஓடினேன். கல் ஓரமாக நகர்ந்து கிடந்தது. சாக்கு உள்ளே தொங்கியது. மறுநாள் மக்தப் பிள்ளைகளிடம் விசாரித்தேன். ஒரு சிறுவன் சிரித்துக் கொண்டே சொன்னான்: "ஹஜ்ரத், அதுல கல்லப் போட்டுட்டு சத்தம் வர்ற வரைக்கும் நாங்க எண்ணுவோம்."

எனக்கு நாக்கு வறண்டு போனது. அந்தக் குழியின் விளிம்பில் தினமும் முப்பது பிள்ளைகள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். அதை மூடச் சொன்ன ஒரே ஆள் அந்த அக்கா. சாய்ந்த சுவரைப் பற்றிப் பாடம் படித்தவன் நான். சுவர் சாய்ந்திருக்கிறது என்று சொன்னது அவர். லுஹருக்குள் ஆட்களைக் கூப்பிட்டு மூடினோம். ஒன்றும் நடக்கவில்லை. அது என் கவனத்தால் அல்ல, அல்லாஹ்வின் கருணையால்.

இனி செய்ய வேண்டியவை

உச்ச நீதிமன்றம் 2010 பிப்ரவரி 11 அன்றே இதற்கான வழிமுறைகளைத் தந்துவிட்டது. தமிழக அரசின் பஞ்சாயத்து விதிகளும் 2015இல் வந்தன. அவற்றை நம் ஊர்ப் பேச்சில் சொல்கிறேன்:

1. போர் போடுவதற்கு 15 நாள் முன்னதாக உரிய அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பஞ்சாயத்தில் அனுமதி வாங்குங்கள்.

2. வேலை நடக்கும்போது சுற்றிலும் முள்கம்பி வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வையுங்கள்.

3. முடிந்ததும் கேசிங் பைப்பைச் சுற்றி அரை மீட்டர் நீள அகலத்தில், தரைக்கு மேலே 30, கீழே 30 செண்டிமீட்டர் இருக்கும்படி சிமெண்ட் மேடை கட்டுங்கள். பைப்பின் வாயை இரும்பு மூடியால் வெல்டிங் வைத்தோ போல்ட் போட்டோ அடையுங்கள். மோட்டாரை ரிப்பேருக்குத் தூக்கும் நாளிலும் திறந்து விடாதீர்கள்.

4. தண்ணீர் இல்லையென்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் கொண்டு நிரப்புங்கள். சாக்கும் கல்லும் மூடி ஆகாது. மழைநீர் இறங்கும் குழியாக மாற்ற விரும்பினால், விவரம் தெரிந்தவரைக் கொண்டு, அழுக்கை வடிகட்டும் ஜல்லி, மணலோடு முறையாகச் செய்யுங்கள்.

இவற்றோடு என் வேண்டுகோள் ஒன்று. இந்த வாரம் நம் முஹல்லா இளைஞர்கள் நான்கு பேர் சேர்ந்து சுற்றுவட்டாரத்தில் திறந்து கிடக்கும் போர்களைக் கணக்கெடுங்கள். அது யார் நிலம், எந்தச் சமயத்தார் நிலம் என்று பார்க்காதீர்கள். நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டு, தனியாக, மரியாதையாகப் பேசுங்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு அவரை அவமானப்படுத்தாதீர்கள்; அது அவருடைய உரிமையில் கை வைப்பது. வசதியில்லாதவருக்கு ஜமாஅத் செலவு செய்யட்டும். வசதியிருந்தும் மறுப்பவரைப் பற்றி பஞ்சாயத்தில் சொல்லுங்கள். அது கோள் அல்ல, கையைப் பிடிப்பது.

உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை மக்களுக்காக்கி நன்மை தேடினார்கள். ஸஅத் (ரலி) அவர்கள் தம் தாயாருக்காகக் கிணறு தோண்டினார்கள். கிணறு தோண்டுவது ஸதகா. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. தண்ணீர் வராத போரில் உங்கள் பணம் போயிருக்கலாம். அதை மூடுவதால் கிடைக்கும் நன்மை போகாது. ஓர் உயிரை வாழ வைப்பது மனித குலம் முழுவதையும் வாழ வைப்பதைப் போன்றது என்று குர்ஆன் (5:32) சொல்கிறதல்லவா!

கடைசியாக ஒன்று. எனக்கு அந்த அக்கா வந்து சொன்னார். உங்களுக்கு இன்று நான் சொல்லிவிட்டேன். உங்கள் நிலத்தில் ஒரு குழி திறந்திருந்தால், இந்த நிமிடத்திலிருந்து நீங்கள் சொல்லப்பட்டவர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதற்குச் சாட்சி. அஸருக்குப் பிறகு ஒரு நடை காட்டுப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பூமிக்குப் பயனுள்ள மழையைத் தருவாயாக! எங்கள் அலட்சியத்தால் எந்தத் தாயின் மடியும் காலியாகாமல் காப்பாயாக! நீ எங்கள் கையில் கொடுத்த உரிமைகளை அமானிதமாகப் பேணும் தவ்ஃபீக்கைத் தருவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.