மறுமாதத்துக்குப் பணம் கேளுங்கள்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மகளிர் குழுக்களும் ஊர் நலச் சங்கங்களும் சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்புத் தடுப்பு வேலைக்கு நிதி பெறுவது பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. தொண்டு அமைப்புகளின் விண்ணப்பங்களையும் கணக்குகளையும் பார்த்துச் சரிசெய்து தரும் ஆலோசகர் பதில் சொல்கிறார்.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். தெருவில் வீட்டுக்கு ஒருவர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். ஏதாவது செய்யலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். ஊருக்குள்ளேயே கிடைக்கும் பணம் உண்டா?
– குழுத் தலைவி, கூட்டேரிப்பட்டு

உண்டு. உங்கள் ஊராட்சியில் கிராம சுகாதாரம், துப்புரவு மற்றும் ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று இருக்கிறது. தேசிய நலவாழ்வுக் குழுமம் அதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை கட்டற்ற நிதியாகத் தருகிறது. ஊராட்சி மன்றத் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் கையெழுத்துப் போட்டால்தான் அந்தப் பணம் வெளியே வரும். உங்கள் குழுவின் கணக்குக்கு நேராக வராது. ஆனால் அதை எதற்குச் செலவிட வேண்டும் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

முதலில் நர்சம்மாவிடம் போய், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். செலவழித்த அளவுக்குத்தான் அடுத்த ஆண்டு நிரப்புவார்கள் என்பதால், சும்மா கிடக்கும் பணத்தால் ஊருக்கு நட்டமே. பிறகு ஒரு பக்கத்தில் உங்கள் திட்டத்தை எழுதிக் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு முறை கூடுகிறது. தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பேச்சு செல்லாது. எழுதும்வரை எழுந்து வராதீர்கள்.

நகராட்சிக்குள் குடியிருப்பவர்கள் மகளிர் ஆரோக்கிய சமிதியைக் கேளுங்கள். ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் 50 முதல் 100 வீட்டுக்கு ஒன்று என அமைக்கப்படுவது அது. ஒவ்வொரு சமிதிக்கும் ஆண்டுக்கு 5,000 ரூபாய்.

மருத்துவ முகாம் செலவுக் கணக்கில் சால்வை, மாலைக்கு எவ்வளவு போடலாம்?
– சங்கப் பொருளாளர், விக்கிரவாண்டி

ஒரு ரூபாயும் போடாதீர்கள்.

எங்கள் நற்பணி மன்றம் ஐந்து லட்ச ரூபாயில் ஒரு மாபெரும் சர்க்கரை நோய் கண்டறியும் முகாம் நடத்த விரும்புகிறது. ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களிடம் கேட்கலாமா? விண்ணப்பம் எப்படி எழுதுவது?
– மன்றச் செயலாளர், திண்டிவனம்

கேட்கலாம். ரோட்டரியில் மாவட்ட மானியம் உண்டு. நோய்த் தடுப்பு அவர்களுடைய முக்கியப் பணிகளில் ஒன்று. லயன்ஸ் சங்கங்கள் நீரிழிவை உலகளாவிய தங்கள் பணியாகவே எடுத்துக்கொண்டிருக்கின்றன. உள்ளூர்க் கிளைத் தலைவரை நேரில் பாருங்கள். ஆனால் முகாமுக்காகக் கேட்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். தமிழ்நாடு அரசு 2020-ல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பெரியவர்களில் நூற்றுக்கு 33.9 பேருக்கு ரத்தக் கொதிப்பு, 17.6 பேருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த வரியில் இருந்தது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம். நோய் இருப்பதைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்துவிடும் என்றால் இந்த எண்கள் இப்படி இருக்காது. மாத்திரையை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வைப்பதில்தான் நாம் தோற்கிறோம்.

உங்கள் முகாமில் என்ன நடக்கும்? காலையில் பொங்கலும் காபியும் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு விரலில் குத்திப் பார்த்து 280 என்று ஒரு சீட்டில் எழுதித் தருவீர்கள். அவர் பயந்துபோய் வீட்டுக்குப் போவார். மறுநாள் பயம் குறையும். அடுத்த வாரம் அந்தச் சீட்டு அலமாரியில் இருக்கும். ஆறு மாதம் கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு அவர் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது உங்கள் மன்றத்தில் யாருக்காவது தெரியுமா? அவர் பெயரையாவது எழுதி வைத்திருக்கிறீர்களா?

அரசு இதைப் புரிந்துகொண்டுதான் 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை தருகிறார். மாத்திரை இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் இலவசம். ஆகவே நீங்கள் இன்னொரு மருத்துவமனையாக மாற வேண்டியதில்லை. விட்டுப்போனவர்களைத் தேடிப் பிடிக்கும் ஆட்களாக மாறுங்கள்.

கணக்கு இதோ. உங்கள் வார்டில் சர்க்கரை உள்ள ஐம்பது பேரை எடுத்துக்கொள்ளுங்கள். கண், கால் பரிசோதனைக்கு ஆண்டில் நான்கு முறை அழைத்துப்போக, முறைக்கு ஆளுக்கு 100 ரூபாய் வீதம் 20,000. மாதம் ஒரு முறை சர்க்கரை அளவைப் பார்க்க, ஸ்ட்ரிப் ஒன்று 15 ரூபாய் என்று வைத்தால் 9,000. மாத்திரை வாங்க வராதவரின் வீட்டுக்குப் போய்க் கேட்கும் பெண்ணுக்கு மாதம் 1,000 வீதம் 12,000. நோட்டு, போன் செலவு 1,000. மொத்தம் 42,000 ரூபாய். உங்கள் ஐந்து லட்சத்தில் பதினோரு ஆண்டு இதை நடத்தலாம்.

விண்ணப்பத்தில் முதல் வரியாக இப்படி எழுதுங்கள்: இந்த ஐம்பது பேரில் இன்று இத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஓராண்டில் அதை இத்தனை பேராக உயர்த்துவோம். நிதி கொடுப்பவருக்கு அந்த ஒரு வரி போதும். முகாம் போட்டோ நூறு இருந்தாலும் அதற்கு ஈடாகாது.

ஒரே ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்துப் பத்துப் பேருக்குக் குத்தலாமா? செலவு மிச்சமாகும்.
– பெயர் வேண்டாம், செஞ்சி

கூடவே கூடாது. ஆளுக்கு ஒரு புது ஊசி. பயன்படுத்தியவற்றைக் குப்பையில் போடாமல், ஊசி துளைக்காத கெட்டி டப்பாவில் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படையுங்கள். ஊசிக்குப் பணம் இல்லையென்றால் பரிசோதனையை நிறுத்துங்கள்.

எங்கள் நகரில் காலையில் நடக்க இடமில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில்தான் நடக்கிறோம். நகராட்சி மைதானத்தில் நடைபாதை போட நிதி கிடைக்குமா?
– குடியிருப்போர் நலச் சங்கம், திண்டிவனம்

நமக்கு நாமே திட்டம் உங்களுக்குப் பொருந்தும். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும்; மீதியை அரசு தரும். ஒன்பது லட்ச ரூபாய் வேலை என்றால் மூன்று லட்சம் உங்களுடையது. தெருவில் வசூல் செய்யலாம். ஒரு நிறுவனமோ தனியாளோ மொத்தமாகவும் தரலாம். இடம் நகராட்சியின் பெயரில் இருக்க வேண்டும். முதலில் நகராட்சி ஆணையரிடம் மனு கொடுங்கள். மதிப்பீட்டை நகராட்சிப் பொறியாளர் தயாரிக்கட்டும். நீங்களாக ஒப்பந்தக்காரரைப் பிடித்து மதிப்பீடு போட்டுக்கொண்டு போவதால்தான் பல மனுக்கள் திரும்பி வருகின்றன.

நெடுஞ்சாலை ஓரத்தில் நடப்பதை மட்டும் நாளையே விடுங்கள். விடிவதற்கு முன் அந்தச் சாலையில் நடப்பது சர்க்கரையைவிட ஆபத்து.

சிறுதானிய மாவு தயாரித்து, “சர்க்கரை நோய் குணமாகும்” என்று லேபிள் ஒட்டி விற்க நினைக்கிறோம். நோய்த் தடுப்பு மானியம் கேட்கலாமா?
– மகளிர் குழு, வானூர்

அந்த லேபிளை அச்சடிக்கவே வேண்டாம். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உங்கள் பேச்சை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாவமும் உங்களைச் சேரும். மாவு விற்பது நல்ல தொழில். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுங்கள். கடனுக்கு மகளிர் திட்ட அலுவலகத்துக்குப் போங்கள். தொழில் கடனையும் நோய்த் தடுப்பு மானியத்தையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள்.

சென்ற மாதம்தான் சங்கத்தைப் பதிவு செய்தோம். சிப்காட் கம்பெனிகளிடம் சமூகப் பொறுப்பு நிதி கேட்கலாமா?
– சங்கச் செயலாளர், திண்டிவனம்

இப்போது முடியாது. கம்பெனி உங்கள் மூலம் அந்த நிதியைச் செலவிட, வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும். மூன்றாண்டுப் பணி அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவும் கட்டாயம். இவை எல்லாம் உள்ள ஒரு பழைய அமைப்போடு சேர்ந்து வேலை செய்யுங்கள். உங்கள் மூன்றாண்டு அதில் கழியட்டும்.

ஒருவர் டெல்லியிலிருந்து மானியம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பத்து சதவீதம் முன்பணம் கேட்கிறார்.
– வாசகர், ஒலக்கூர்

கொடுக்காதீர்கள். எந்த அரசு மானியத்துக்கும் தரகர் தேவையில்லை.

உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்காக ரத்தக் கொதிப்புப் பரிசோதனைக் கருவி வாங்க மானியம் வேண்டும்.
– தொழிலாளர் நலக் குழு, மரக்காணம்

கருவி வாங்குங்கள், விலை அதிகமில்லை. ஆனால் உங்கள் பெண்களுக்கு அதைவிட அவசரமானது வேறு. நாள் முழுக்க வெயிலில் நிற்கிறார்கள். ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் நடத்திய ஆய்வில், வெப்பத்தில் வேலை செய்வதோடு சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்து வருவதைக் கண்டார்கள். உங்கள் ஊரில் நாட்பட்ட நோயைத் தடுப்பது என்றால் நிழல், குடிநீர், கழிப்பறை. இவை நிலையான சொத்து என்பதால் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் கேட்கலாம். இடம் யாருடையதோ அவரிடம் முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அது இல்லாத மனு ஓர் அடி நகராது.

எங்களில் யாரும் பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. அரசுப் பணத்துக்குக் கணக்கு எழுதப் பயமாக இருக்கிறது.
– குழு உறுப்பினர், திருவெண்ணெய்நல்லூர்

பயப்படாதீர்கள் அம்மா. வாராவாரம் சேமிப்பும் கடனும் எழுதி வங்கியில் நல்ல பெயர் வாங்கியவர்கள் நீங்கள். இதற்கும் அதே பழக்கம் போதும். வரவு செலவுக்கு ஒரு நோட்டு, தீர்மானத்துக்கு ஒரு நோட்டு, நோயாளிகளின் பெயரும் மாதாமாதம் அளவும் எழுத ஒரு நோட்டு. ரசீதை அன்றைக்கே ஒட்டுங்கள். நிதி முடிந்ததும் தர வேண்டிய பயன்பாட்டுச் சான்றிதழை இந்த மூன்றையும் பார்த்து எழுதிவிடலாம். மூன்றாவது நோட்டைக் கண்டவரிடம் காட்டாதீர்கள். அதில் இருப்பது அடுத்தவர் உடம்பு.

எல்லோருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த கிராம சபைக்கு முன் உங்கள் தெருவில் மாத்திரையை நிறுத்திவிட்டவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுங்கள். அதற்குப் பணமே தேவையில்லை. அந்தப் பட்டியல் கையில் இருந்தால், பணம் கேட்கும்போது உங்களை யாரும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள்.