நிறத்துக்கு முன்னால் ரேகை

போடிநாயக்கனூரிலும் சின்னமனூரிலும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் பாலிஷ் வேலை செய்கிறவரிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "கதவு அப்படியே இருக்கட்டும்ப்பா. அடியில மக்கிப் போன இடத்துல மட்டும் புதுத் துண்டு வைங்க. ஆனா வச்சது தெரியக் கூடாது." நியாயமான ஆசை. தாத்தா காலத்துத் தேக்குக் கதவில் வெளுத்த துண்டு ஒன்று தனியாக நின்றால், வாசலில் நுழையும்போதெல்லாம் கண்ணை உறுத்தும். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் என் வேலையில் பெரும்பகுதி இப்படிப்பட்ட கதவுகளோடுதான் கழிந்திருக்கிறது. அதில் எனக்குத் தெளிவான முதல் விஷயம், துண்டைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நிறம் இல்லை, ரேகை என்பதுதான்.

ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. தடியின் நடுப்பகுதியை நோக்கி அறுத்த பலகையில் கோடுகள் நேராகவும் நெருக்கமாகவும் ஓடும். ஓரத்தில் தட்டையாக அறுத்த பலகையில், ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய மலைகளாக வளையும். நேர்ரேகைப் பலகை அவ்வளவாக வளையாது, முறுக்காது. அதனால் பழைய ஆசாரிகள் கதவின் சட்டங்களுக்கு அதைத் தேடி எடுத்தார்கள். மலைரேகையை நடுப்பலகைக்கு வைத்தார்கள். நேர்ரேகைச் சட்டத்தில் மலைரேகைத் துண்டை ஒட்டிவிட்டு, அதன்மேல் எந்த டப்பாவைத் திறந்தாலும் பயன் இல்லை. நிறம் அச்சாகப் பொருந்தினாலும் கோடு ஓடுகிற ஓட்டம் பொருந்தாது. சேர்க்கிற வேலை மரக்கடையில் தொடங்குகிறது. பாலிஷ் அதற்கு அப்புறம்தான்.

மரக்கடைக்குப் போகும்போது அளவோடு இன்னும் இரண்டு பொருள் கொண்டு போவேன். ஒன்று, கதவின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுத்த ரேகைப் படி. வெயிலும் சாரலும் பட்டுத் தேய்ந்த கதவில் கடினமான கோடுகள் மேடாக நிற்கும். தாளில் அப்படியே விழும். கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு என்று அதில் பார்க்கலாம். தோட்டத்தில் வேகமாக வளர்ந்த தேக்கில் இடைவெளி அகலம். பழைய பர்மா தேக்கில் நெருக்கம். பர்மா அரசு 2014 ஏப்ரலில் உருட்டுத் தடி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதனால் பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும் உத்தரமும் நிலைச்சட்டமும்தான் நெருக்கமான ரேகைக்கு நல்ல வழி. ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு அறுக்கக் கொடுங்கள்.

இன்னொரு பொருள் தண்ணீர் பாட்டில். இழைத்த பலகையில் கொஞ்சம் தண்ணீர் தடவினால், பாலிஷ் ஏறியபின் அந்த மரம் எந்த நிறத்தில் நிற்கும் என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். மரத்தின் நுண்ணிய குழாய்களில் காற்று இருக்கும்வரை வெளிச்சம் மேலேயே சிதறி வெளிறித் தெரிகிறது. அந்த இடத்தில் தண்ணீரோ எண்ணெயோ அரக்கோ புகுந்ததும் சிதறல் குறைந்து, வெளிச்சம் உள்ளே இறங்கித் திரும்புகிறது. நனைந்த வேட்டி அடர்ந்து தெரிவதும் இதனால்தான். ரேகையை எடுத்துக் காட்டுவது என்று நாம் சொல்வதெல்லாம் வெளிச்சத்தை மரத்துக்குள் இறங்க விடுகிற வேலை. கெட்டியான ஸ்டெய்ன் அதைத் தடுக்கும். இன்று கடைகளில் மரத்தை மூடுகிற சாயத்தைத்தான் அதிகம் விற்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

பலகை வந்ததும் இழைத்து, சில நாள் வெயிலில் காட்டுங்கள். புதிதாக அறுத்த தேக்கில் பச்சையும் கறுப்புமாகத் திட்டுகள் இருக்கும். வெளிச்சம் பட்டதும் பொன்பழுப்பாகச் சமன்படும். பலா புதிதில் நல்ல மஞ்சள், போகப் போகச் செம்பழுப்பு. வெயில் காட்டாத பலகைக்கு இன்று நிறம் சேர்த்தால், மரம் தன் போக்கில் மாறி அடுத்த வருஷம் துண்டு தனியாக நிற்கும்.

பழைய கதவின் மேல் என்ன பூச்சு இருக்கிறது என்று பார்க்க, மறைவான மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்கள். ஒட்டிக் குழைந்தால் அரக்கு. அதற்கு மசியாமல் தின்னருக்கு மசிந்தால் லாக்கர் வகை. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் எண்ணெய் வார்னிஷோ, பாலியூரித்தேன் என்கிற பி.யூ.வோ. இதைத் தெரிந்துகொள்ளாமல் மெஷினை வைத்துத் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. கதவுக்கு வயதைக் கொடுக்கிற அந்தப் பழுப்பு மேல்பரப்பில் மிக மெல்லிய படலம். தேய்த்து எடுத்துவிட்டால் பழைய கதவும் புதுசாகிவிடும், பிறகு எதோடு எதைச் சேர்ப்பது? கண்ணாடிச் சில்லின் விளிம்பால் ரேகையின் ஓட்டத்திலேயே மெல்லச் சுரண்டினால் பூச்சு மட்டும் சுருள் சுருளாக வரும், மரம் நிற்கும். இரும்பு ஆணியைச் சுற்றிக் கறுத்த வட்டம், மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்ததால் வந்தது. ஆக்சாலிக் அமிலக் கரைசல் அதை வெளுக்கும். விஷம் என்பதால் கையுறை போட்டுத் தடவி, நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

அடுத்தது உப்புத்தாள். துண்டையும் கதவையும் ஒரே நம்பரில் முடியுங்கள். துண்டுக்கு 120, 180, அப்புறம் 240 போதும். கதவுக்கு, பழுப்பு போய்விடாதபடி 240 மட்டும் லேசாக. ஒன்றை 180-லும் இன்னொன்றை 320-லும் விட்டால் ஒரே ஸ்டெய்ன் இரண்டு நிறமாக ஏறும். வழவழப்பான பரப்பில் சாயத்தூள் தங்க இடம் இல்லை. குறுக்கே தேய்த்த கீறல், வெறும் மரத்தில் தெரியாது, சாயம் பட்டதும் கறுப்பாக எழும். பலகையின் வெட்டுமுனை சாயத்தை உறிஞ்சிக் கறுத்துவிடும். அதனால் அந்த முனையை மட்டும் ஒரு நம்பர் கூடுதலாகத் தேய்த்து, நீர்த்த அரக்கால் ஒருமுறை அடைத்துவிட்டுத்தான் நிறத்துக்குப் போக வேண்டும்.

இப்போது நிறம். கதவைப் பார்த்ததும் கண்ணில் படுவது அடர்ந்த கோடுகள். எல்லோரும் அந்த அடர்வைப் பிடிக்கத்தான் ஸ்டெய்ன் கலக்கிறார்கள். நான் பார்ப்பது இரண்டு கோட்டுக்கு நடுவில் உள்ள மிக வெளிறிய இடத்தை. கையைக் குழல் மாதிரிக் குவித்து அந்த இடத்தை மட்டும் பாருங்கள்: மஞ்சளா, சிவப்பா, பழுப்பா? அடிநிறம் அதுதான். முதலில் ஸ்பிரிட்டில் கரைகிற சாயத்தால் அதை மட்டும், எதிர்பார்ப்பதைவிட ஒரு படி வெளிறலாக, துண்டுக்கு ஏற்றுங்கள். காய்ந்ததும் மேலே நீர்த்த அரக்கு ஒரு கை. அதன் மேல் காவித்தூள் கலந்த கலவையைத் தேய்த்துத் துடைத்தால் தூள் குழாய்களில் மட்டும் தங்கி, கோடுகள் எழுந்து நிற்கும். அடிநிறம் கலங்காது. கடைசியாக, அரக்கிலேயே துளி நிறம் கலந்து இரண்டு மூன்று கை ஓட்டி, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவில் நிறுத்தலாம். கூட்டுவது எப்போதும் எளிது. குறைப்பதற்கு மரத்தைத்தான் சுரண்ட வேண்டும்.

தூள்களில் மஞ்சள் காவி, பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், பர்ன்ட் அம்பர் என்ற நாலு இருந்தால் நம் ஊர் மரம் அத்தனைக்கும் போதும். கலவை சிவந்துவிட்டால் கறுப்பைக் கொட்டாதீர்கள், மரம் அழுக்கேறித் தெரியும். ரா அம்பரில் லேசான பச்சை இருக்கிறது. அது சிவப்பை அடக்கும். எந்தக் கலவையையும் அதே பலகையின் வெட்டுத்துண்டில் முழுதாக, மேல்பூச்சு வரைக்கும் போட்டுக் காயவிட்டுப் பாருங்கள். பார்ப்பது கதவு நிற்கிற இடத்தில், நிமிர்த்தி வைத்து, பகல் வெளிச்சத்தில். வெள்ளை எல்.இ.டி. விளக்கில் பொருந்தியது காலை வெயிலில் பிரிந்துவிடும்.

தேக்கின் ஓரத்தில் வருகிற வெள்ளைப் பகுதியைச் சாயத்தால் நடுவில் உள்ள வைரப் பகுதியோடு சேர்த்துவிடலாம். அலமாரிக்குள் இருக்கும் பலகைக்குச் செய்யலாம். வாசல் நிலைக்குச் செய்யவே கூடாது. வண்டும் கரையானும் அந்த வெள்ளையைத்தான் தேடி வரும், நிறம் மாறியது அவற்றுக்குக் கணக்கில்லை.

நம் பள்ளத்தாக்கில் வேலைக்கான பருவத்தையும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் மலை இடைவெளி வழியாக இறங்குகிற காற்று, காற்றாலைகளுக்கு நல்லது, ஈரப் பூச்சுக்கு நல்லதல்ல. புழுதி அப்படியே ஒட்டும். அந்த மாதங்களில் சீக்கிரம் காய்கிற அரக்கையே நம்பலாம், மெதுவாகக் காயும் வார்னிஷ் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கதை மாறும். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து, அரக்கு வெள்ளை பூத்துவிடும். வெயில் ஏறிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். பூத்துவிட்டால், மறுநாள் ஸ்பிரிட் நனைத்துப் பிழிந்த துணியால் லேசாக ஒரு ஓட்டு ஓட்டினால் பெரும்பாலும் தெளியும். நான் ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அரக்கு போடுகிறேன். கெட்டியாக இரண்டு கை ஓட்டுவதைவிட நீர்க்கப் பல கை ஓட்டுவதில்தான் ரேகை ஆழமாகத் தெரிகிறது.

மரத்தை மூடாமல் விடுவதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் பாண்டிச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்ட அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளித் தச்சுக் கலைஞர் ஜார்ஜ் நகஷிமா 1937-இல் வந்தார். 1939 வரை அங்கே இருந்தார். அந்த விடுதிக்கு அவர் வடிவமைத்த தேக்கு நாற்காலி, கட்டில்களில் ஆடம்பரம் எதுவும் இல்லை. பின்னாளில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட அவருடைய மேசைகளிலும் பலகையின் வெடிப்பைக்கூட மறைக்காமல், பட்டாம்பூச்சி வடிவக் கட்டை வைத்து இணைத்து, எண்ணெய் பூசி விட்டார். பலகையைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலையில் பாதி என்பதை அவருடைய மரச்சாமான்களில் கண்ணால் பார்க்கலாம்.

மற்ற மரங்களில் வேங்கைக்கு ஒரு எச்சரிக்கை. ஈரம் பட்டால் மஞ்சள் சாறு விடும், பக்கத்துச் சுவரையும் கறையாக்கும். அரக்கால் அடைத்த பிறகே தண்ணீர் கலந்த எதையும் கொண்டுபோக வேண்டும். தோதகத்தியின் எண்ணெய்ச் சத்து வார்னிஷைக் காயவிடாது, அதற்கும் முதலில் மெழுகு நீக்கிய அரக்குதான். பழைய தோதகத்திப் பெட்டி கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்; தமிழ்நாட்டில் அந்த மரத்தை அனுமதியில்லாமல் வெட்டுவதற்கு எதிராக 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. பெரியகுளம் பக்கம் தோப்பில் விழுகிற பழைய மாமரங்களில் சாம்பலும் கறுப்புமாக ரேகை ஓடும், விறகுக்குப் போட மனசு வராது. தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக்கைப் பெட்டி மரம் என்றுதான் விற்கிறார்கள். அதை நடுவை நோக்கி அறுத்து, வெறும் அரக்கு மட்டும் ஏற்றிப் பாருங்கள். மீன் செதிள் மாதிரி மின்னும் திட்டுகள், நடக்க நடக்க இடம் மாறும். அதற்கு வால்நட் ஸ்டெய்ன் அடிக்கிறவர்களைத் தடுக்க நான் கெஞ்சவும் தயங்க மாட்டேன்.

பாதுகாப்புக்கும் இரண்டு வார்த்தை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது காயும்போது சூடாகி, தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்து வெளியில் காயவிட்டு அப்புறம் போடுங்கள். தேய்க்கும்போது மூக்கை மூடுங்கள். மரத்தூள் புற்றுநோய் தரும் பொருட்களின் பட்டியலில் இருக்கிறது.

கடைசியாக வாசற்படி. நம் வீடுகளில் அதைத் தினமும் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைக்கிறோம். அரக்கு அந்தத் தண்ணீரைத் தாங்காது, மஞ்சளும் ஊறும். அதனால் படிக்கு மட்டும் நிறத்தைக் கதவோடு சேர்த்துவிட்டு, மேல்பூச்சாக எண்ணெய் வார்னிஷ் மூன்று கை கொடுக்கிறேன். அது கதவைவிடப் பளபளக்கும். பளபளப்பு வேறானால் ஒரே நிறமும் வேறாகத் தெரியும். ஆகவே நன்றாக இறுகக் காய்ந்தபின் மிக மெல்லிய ஸ்டீல் உல்லில் தேன்மெழுகு தொட்டு, ரேகையோடு தேய்த்து, கதவின் பளபளப்பு வரும்வரை இறக்க வேண்டும். பொங்கலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது காயாத எண்ணெய், ஆடிக்காற்றின் புழுதி முழுவதும் அதில்தான் போய் உட்காரும்.