காலில் ஒட்டிய கொலாஜன் சவ்வு

கேள்வி: எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். பந்தல் கம்பி குத்தி அப்பாவுக்கு உள்ளங்காலில் புண். ரொம்ப வருடமாகச் சர்க்கரை இருப்பதால் ஆறவே மாட்டேன் என்கிறது. டாக்டர் சுத்தம் செய்து, கொலாஜன் சவ்வு ஒன்றை வைத்துக் கட்டியிருக்கிறார். "புது ரத்தக்குழாய் வந்தால்தான் சதை பிடிக்கும்" என்கிறார். ஒரு சவ்வு எப்படி ரத்தக்குழாயை வளர்க்கும்?
- ஒரு வாசகர், காமயகவுண்டன்பட்டி

பதில்: சவ்வு குழாயை வளர்க்காது, வளர இடம் கொடுக்கும்.

நம் செல்களைச் சுற்றிக் கொலாஜன், லாமினின், ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்களால் ஆன வலை ஒன்று உண்டு. மேட்ரிக்ஸ் என்போம். புண்ணில் ஆக்சிஜன் குறைந்ததும் அங்குள்ள செல்கள் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை வெளியிடும். அதை உணர்ந்த பக்கத்து நுண்குழாயின் செல் ஒன்று, தன்னைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையை நொதிகளால் அறுத்துக்கொண்டு வெளியே நீளும். பிறகு மேட்ரிக்ஸ் இழைகளைப் பற்றிப் பற்றித்தான் முன்னேறும். உங்கள் கொடி பந்தலைச் சுருளால் பற்றிப் படர்வதும் இப்படித்தான். ஆனால் பந்தல் கொடியோடு பேசுவதில்லை, மேட்ரிக்ஸ் பேசும். வளர்ச்சிப் புரதங்களைச் சேமித்து வைத்து விடுவிப்பதும் அதுவே, 'போதும், நில்' என்பதும் அதுவே. கொலாஜன் வகை ஒன்றிலிருந்து உடையும் எண்டோஸ்டேடின் என்ற துண்டு குழாய் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதை 1997இல் அமெரிக்க விஞ்ஞானி ஜூடா ஃபோக்மனின் ஆய்வுக்குழு கண்டறிந்தது.

சர்க்கரைப் புண்ணில் இந்த வலைதான் கெட்டுப்போகிறது. ரத்தச் சர்க்கரை கொலாஜனில் ஒட்டி அதை விறைக்க வைக்கிறது. இன்னொரு பக்கம், அறுக்கும் நொதிகள் அளவுமீறிச் சுரந்து, புதிய வலையைப் பின்னப் பின்னத் தின்றுவிடுகின்றன. வெளியிலிருந்து வைக்கும் கொலாஜன் அந்த நொதிகளுக்கு இரையாகி, உடம்பு பின்னும் வலையைக் கொஞ்ச காலம் காப்பாற்றுகிறது.

இந்தக் கொலாஜன் மூன்று இழைகளால் முறுக்கப்பட்டது என்று 1954இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆய்வுக்குக் கங்காரு வால் தசைநாரைக் கொடுத்தது பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். புண்ணுக்கான கொலாஜன் சவ்வுகளைப் பின்னாளில் உருவாக்கியதும் அதே நிலையம்தான். நாம் பெருமைப்பட வேண்டிய வேலை இது.

கட்டுப் பிரிக்கும்போது கவனியுங்கள். செக்கச்செவேலென்று மணி மணியாகச் சதை எழும்பினால் நல்லது. ஒவ்வொரு மணியிலும் புது நுண்குழாய் வளைந்து நிற்கிறது. ஒட்டிய சவ்வைப் பிய்க்காதீர்கள், அந்தக் குழாய்களும் சேர்ந்து அறுந்துவிடும். சதை வெளிறினாலோ, கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ அன்றே டாக்டரிடம் போங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். காலுக்கு வரும் பெரிய தமனியே அடைத்திருந்தால் எந்தச் சவ்வும் பயன்படாது. பாத நாடி கிடைக்கிறதா, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள், தேவைப்பட்டால் உங்கள் மாவட்டத்தின் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். அப்பா பீடி பிடிப்பவரானால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். புண் ஆறும்வரை அந்தக் காலை ஊன்றித் தோட்டத்துக்குப் போக விடாதீர்கள்.